அடிக்காத போனும் அழகான ஒற்றை வரியும்

நேற்று நண்பகல் என் போன் அடிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறியது. போன் முன்பே ஆறிக் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அடித்தது. ஆனால் நான் எதிர்பார்த்த அழைப்பு இல்லை. சாணார்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஆரோக்கியமேரி டீச்சர்.

"ஏம்மா, ஒனக்கு அடிச்சுச்சா?"

"இல்லையே டீச்சர்."

"எனக்கும் அடிக்கல. நான் ஷெட்டுக்குள்ளயே சேரைப் போட்டு உக்காந்துட்டேன். நீ என்னன்னு கேட்டுச் சொல்லு. சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

என் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் உங்களைக் கூப்பிட்டேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், குரலில் அவ்வளவு சந்தோஷத்தோடு சொன்னார்: "அக்கா, பழைய ப்ரோக்ராம் கோடு ஒரே அசிங்கமா இருந்துச்சு. இம்புட்டு நீளத்துக்கு ஒரு லூப்பு. அதத் தூக்கிட்டு அழகா ஒரே வரியில க்வெரியா எழுதிட்டோம்."

ஒரே வரியில். அழகாக.

அந்த வரியை எனக்குத் தெரியும் கண்ணுகளா. நீங்கள் கல்லூரியில் கேன்டீன் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே அதை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறேன். புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நிற்கும். ஒரு வேலையும் செய்யாது.

நான் வேலையை விட்டு எழுந்து வந்தவள். உங்கள் கோடில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் காலையிலேயே எழுதக் குந்திவிட்டேன். டீச்சர் நேற்று பொழுது சாயும்வரை ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கதை இருக்கிறது. நீங்கள் தூக்கி எறிந்த அசிங்கமான லூப்புக்கும் அதே கதைதான்.

பண்ணையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. போகச் சொன்னபோதெல்லாம் உங்களுக்கு மீட்டிங் இருந்தது. ஆகவே சொல்கிறேன். இப்போதைய கோழி ஷெட் நாலு பக்கமும் மூடியது. ஒரு பக்கம் ஈரப் படுதா, எதிர்ப்பக்கம் ஆள் உயரத்துக்குப் பெரிய ஃபேன்கள். ஃபேன் ஓடும்வரை உள்ளே மார்கழி. நின்றால், சித்திரை வெயிலில் செத்த நேரம் போதும், உள்ளே அடுப்பு. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஷெட்டிலும் நம் பெட்டி. கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால் பெட்டி நம் சர்வருக்குச் சொல்லும். சர்வர் பண்ணைக்காரரின் போனை அடிக்கும். நாம் விற்பது சாஃப்ட்வேர் இல்லை. அந்த ஒரு அழைப்பைத்தான் விற்கிறோம்.

நான் குழுவுக்குத் தலைமையாக இருந்தபோது ஒரு சித்திரை மாதம். ஊரே தார் வாசனை அடித்துக்கொண்டிருந்த மத்தியானம். டீச்சர் ஆட்டோவிலிருந்து கூப்பிட்டார். காற்றும் ஹாரனும் அவர் குரலைக் கிழித்துக் கிழித்துத் தந்தன.

"ஏம்மா, ஒங்க பெட்டி என்ன தூங்குதா? எங்க பக்கம் பூரா கரண்ட் போயிருச்சாம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் கூப்பிட்டுச் சொல்றான், ஷெட்டுல ஃபேன் சத்தமே இல்லன்னு. அவன் சொல்றான், ஒன் பெட்டி சொல்லலியே!"

"எங்க இருக்கீங்க டீச்சர்?"

"கல்யாணத்துக்கு டவுனுக்கு வந்தேன். போயிக்கிட்டு இருக்கேன். வையி போன!"

ரியாஸ் தன் திரையை என் பக்கம் திருப்பினான். அப்போது எங்கள் அலுவலகத்தில் ரியாஸ், செல்வா, நான் மூன்று பேர்தான். ரியாஸின் குடும்பம் தோல் வியாபாரத்தில் இருந்தது. அவன்தான் அந்த வீட்டில் முதலில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன். பதற்றத்தில் குரல் உயராது, தாழும்.

"அக்கா, இங்க பாருங்க. பண்ணை பேரு எல்லாம் செவப்பாயிருச்சு. பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா ஒருத்தருக்கும் போன் போகல. எர்ரரும் இல்ல."

திரையில் சிவப்பாய் வரிசையாய்ப் பெயர்கள். யாருக்கு ஆபத்து என்று எங்கள் கணினிக்கு மிகச் சரியாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு சும்மா இருந்தது.

செல்வாவின் விரல்கள் அதற்குள் கீபோர்டில் பாய்ந்துவிட்டன. "அஞ்சே நிமிசம்க்கா. எங்கன்னு புடிச்சிருவேன்."

"மூடு."

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, இந்த வரியிலதான்..."

"லேப்டாப்ப மூடுலே! போன எடு."

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க விரும்புகிறேன். தவறு எங்கே என்று தேடுவது நம் ரத்தத்தில் ஊறியது. அது ஒரு போதை. நெருப்பு எரியும்போது தீக்குச்சியின் பிராண்டை ஆராயும் போதை. அந்த மத்தியானம் தவறு எங்கே என்பது எனக்குத் தேவையில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது சிவப்பில் கண் முன் இருந்தது. மூன்று பேர், மூன்று போன். ரியாஸ் மேலிருந்து, செல்வா கீழிருந்து, நான் நடுவிலிருந்து.

"அண்ணே, கரண்ட் போயிருச்சுண்ணே, ஜெனரேட்டர் ஓடுதான்னு பாருங்க... இல்லண்ணே, லோன் கம்பெனி இல்லண்ணே. வைக்காதீங்கண்ணே! கோழிண்ணே, கோழி!" இது ரியாஸ். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கத்துவதைக் கேட்டேன்.

"அக்கா, இவரு எடுக்கல."

"அடுத்த ஆளுக்குப் போ. கடைசி வரைக்கும் போயிட்டு மறுபடி இவர்கிட்டயே வா."

"இவரு ஷெட்டுலதான் நிக்கிறாராம். ஜெனரேட்டர இப்பத்தான் ஓட வச்சாராம்."

"அப்ப அவர விட்டுட்டு நகரு. வளவளன்னு பேசிக்கிட்டு இருக்காத."

"இவரு மருமகன் எடுத்தாரு. மாமா தூங்குறாராம், எழுப்பலாமான்னு கேக்குறாரு."

"எழுப்பச் சொல்லு! தண்ணி ஊத்தி எழுப்பச் சொல்லு!"

கவனித்தீர்களா? ஒருவரை எடு. கூப்பிடு. எடுக்கவில்லையா, குறித்துக்கொண்டு அடுத்தவருக்குப் போ. வேலை முடிந்ததா, தாண்டிப் போ. விட்டவரிடம் திரும்பி வா. எங்கள் தொண்டை வறள வறள நாங்கள் செய்தது ஒரு லூப். நீங்கள் அசிங்கம் என்று சொன்னீர்களே, பிறகு நாங்கள் கோடில் எழுதி வைத்த அதே இம்புட்டு நீள லூப். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் போனை எடுத்ததாலோ எடுக்காமல் போனதாலோ பிறந்தது.

அநேகமாக எல்லோரையும் பிடித்துவிட்டோம். ஓடினார்கள், படுதாவை வெட்டிக் காற்று விட்டார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள். டீச்சருக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை; ஆனால் அவர் பாதி வழியில் இருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய ஷெட் அமைதியாக இருந்தது. கோழி ஷெட்டின் அமைதி எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

கரண்ட் வந்த பிறகு செல்வா லேப்டாப்பைத் திறந்தான். பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு சொன்னான், "அக்கா, போன வாரம் நான் ஒரு வரிய எடுத்தேன். லாக் ஃபைல் பெருத்துக்கிட்டே போகுதுன்னு. எத்தன பேருக்குப் போன் போச்சுன்னு எண்ணி எழுதுற வரி. எண்ணுற வரிதான் அக்கா. அது போனா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் கல்யாணம் பார்த்திருப்பீர்கள், அதை வைத்தே சொல்கிறேன்.

க்வெரி என்பது பந்தி வாசலில் நின்று பார்ப்பது. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இலையில் பாயசம் இல்லை, அவர்கள் பெயர் என்ன. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் சொல்வது. லூப் என்பது வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாய்க் குனிவது. பார்ப்பதால் யார் இலையும் நிறையாது. குனிந்தால்தான் நிறையும்.

வாசலில் நிற்பவன் ஒரு சோம்பேறி. இதுதான் முக்கியம். நீங்கள் "பார்த்துச் சொல்" என்று எழுதி வைத்த உடனே அவன் பார்ப்பதில்லை. உங்களில் யாராவது உண்மையில் பதில் கேட்கும்போதுதான் எட்டிப் பார்ப்பான். எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னால் பார்ப்பான். பெயர்களை வாசிக்கச் சொன்னால் பார்ப்பான். ஒருவரும் கேட்காவிட்டால் ஆயுசுக்கும் சுவரில் சாய்ந்து நிற்பான். இரண்டு தடவை கேட்டால், முன்பு பார்த்ததை ஞாபகம் வைத்திருக்க மாட்டான். முதல் இலையிலிருந்து இரண்டாம் தடவையும் போவான்.

எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு புண்ணியவான், அந்தச் சோம்பேறியின் கையில் வாளியைக் கொடுத்திருந்தார். சிவப்பான பண்ணைகளைத் தேர்ந்தெடு என்ற வரிக்குள்ளேயே, ஒவ்வொன்றையும் பார்க்கும்போது போன் அடி என்றும் சேர்த்து எழுதியிருந்தார். ஒரே வரி. அழகு. அடுத்த வரி, எத்தனை போன் போனது என்று எண்ணி லாக்கில் எழுதியது. அந்த எண்ணிக்கை வரி கேட்டதால் அவன் எட்டிப் பார்த்தான். பார்க்கும் சாக்கில் பரிமாறினான். யாருக்கும் தெரியாமல் ஒரு லாக் வரி அத்தனை ஷெட்டுகளையும் தோளில் தூக்கிக்கொண்டிருந்தது. செல்வா அதை எடுத்தான். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். கேட்க ஆளில்லை, அதனால் பார்க்கவில்லை; பார்க்கவில்லை, அதனால் அடிக்கவில்லை. யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் இன்றைக்கும் சத்தியம் செய்யும்.

மறுநாள் காலை மூன்று பேரும் பண்ணைக்குப் போனோம். குழி வெட்டும் இயந்திரம் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது; புது மண்ணில் வெள்ளை இறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றுக்குத் துடித்தன. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, வந்ததையெல்லாம் அந்த ஷெட்டில் போட்டவர். தண்ணீர்க் குழாய்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பைய மடியிலயே வச்சிருந்தேம்மா," என்றார். "பந்தியில உக்காந்தப்பக்கூட கீழ வைக்கல. பக்கத்துல இருந்தவ சிரிக்கிறா, என்ன டீச்சர் நகையா வச்சிருக்கீங்கன்னு. போனு இருக்கு, அடிக்கும்னேன். அடிக்கல."

செல்வா தொண்டையைச் செருமினான். "டீச்சர், அது வந்து, அந்தக் கோடு என்னன்னா, கேட்டாத்தான்..."

"தம்பி, நான் இம்புட்டு வருசம் பாடம் நடத்துனவ. இன்னிக்கி எனக்குப் பாடம் நடத்தாத." அப்போதுதான் நிமிர்ந்தார். "தெனமும் மத்தியானம் ஒரு தடவ அடிக்கணும். சும்மா அடிக்கணும். அது அடிச்சாத்தான் நான் சோத்துல கைய வைப்பேன். மத்த நேரத்துல அடிச்சா ஓடுவேன். புரியுதா? ஒரு தடவ அடிச்சா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அதுக்கு மேல அடிச்சா ஓடணும்னு அர்த்தம்."

அப்படித்தான் அந்த நண்பகல் அழைப்பு வந்தது. எச்சரிக்கை எந்த வழியில் போகுமோ, அதே வழியில் போய், அதே கோடு அடிக்கும் ஒரு வெறும் மணி. டீச்சர் எண்ணுக்கு அடுத்து என் எண்ணையும் போடச் சொன்னேன். வேலையை விட்ட பிறகும் அதை நீக்கச் சொல்லவில்லை. தினமும் என் சோற்றுக்கு முன்னால் அது ஒரு தடவை அடிக்கும்; நான் எடுப்பேன்; மறுமுனையில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத அந்த மௌனத்தைப் போல் பசியைக் கிளப்புவது வேறில்லை. டீச்சர் அதனிடம் பேசவே செய்வார். "ம், உசுரோட இருக்கியா, சரி வையி" என்பாராம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நம் முதலாளி இருக்கிறாரே. நடந்ததைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: இனி யாரும் க்வெரி எழுதக் கூடாது, எல்லாம் லூப்.

ரியாஸ் அதை வாசித்துவிட்டுச் சொன்னான், "கத்தி கைய வெட்டிருச்சு, அதனால இனிமே வெங்காயத்தப் பல்லால கடிச்சு நறுக்கணுமாம்."

நறுக்கினோம். பண்ணைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு காலிக் கூடை, ஒரு லூப், உள்ளே ஒரு நிபந்தனை, அதற்குள் இன்னொன்று, ஒவ்வொன்றாய்க் கூடையில் போடு. பக்கம் பக்கமாய்க் குனிந்து நிமிர்ந்தோம். அப்படி ஒரு லூப்பில் யாரோ "போடு" என்ற வரியைத் தவறான நிபந்தனைக்குள் தள்ளிவிட, வடமதுரைப் பண்ணை ஒன்று திரையிலிருந்தே காணாமல் போயிற்று. நல்லவேளை, அந்த ஆளே போன் செய்து, "என் பேரு எங்கப்பா? நான் கடைய மூடிட்டனா?" என்று கேட்டார். பார்ப்பதற்கு யாராவது வாளி தூக்குவார்களா? தூக்கினோம். கொட்டினோம்.

அன்றைக்கு முதலாளியின் அறைக்குள் போனேன். "சார், அந்தத் தாளக் கிழிங்க."

"ஏம்மா, கோழி செத்தது மறந்து போச்சா?"

"மறக்கல சார். அதனாலதான் சொல்றேன். பாக்குறதுக்கு க்வெரி வேணும். செய்யிறதுக்கு லூப்பு வேணும். நீங்க பாக்குறவனையும் சேத்து வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க."

"எது பாக்குறது, எது செய்யிறதுன்னு பசங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்த வரி ஓடுனதுக்கு அப்புறம் வெளிய எவனுக்காவது எதாவது மாறுதான்னு கேக்கச் சொல்லுங்க. போன் அடிக்குது, மெசேஜ் போகுது, ஒண்ண அழிக்குது, ஒண்ண எழுதுது. மாறுனா அது வேலை. லூப்புல போடட்டும், எல்லாரும் பாக்குற மாதிரி. ஒண்ணும் மாறல, இருக்குறதுலருந்து இன்னொண்ணு கெடைக்குது, அம்புட்டுத்தான்னா க்வெரி. ரெண்டையும் ஒரே வரியில போட்டா கைய ஒடைங்க."

அவர் தாளைக் கிழிக்கவில்லை. மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இதை நான் வேலையை விட்டுக் கிளம்பும்போதும் சொன்னேன். கேக் வெட்டிய கையோடு சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: க்வெரி தரும் பட்டியலை ஒரு தடவைக்கு மேல் தொடப் போகிறீர்கள் என்றால், முதலில் அதை ஒரு நிஜப் பட்டியலாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவனிடம் மறுபடி மறுபடி கேட்காதீர்கள். தலையாட்டினீர்கள். கேக்கில் க்ரீம் அதிகம் என்றும் பேசிக்கொண்டீர்கள்.

நீங்கள் முட்டாள்கள் என்பதல்ல என் கோபம். முட்டாளாக இருந்திருந்தால் அந்த நீள லூப்பைத் தொடப் பயந்திருப்பீர்கள். அழகுணர்ச்சி இருக்கிறது உங்களுக்கு, அதுதான் ஆபத்து. எனக்கும் ஒற்றை வரி பிடிக்கும். நானே ராத்திரியும் பகலும் வரிகளைச் சுருக்கிச் சுருக்கி எழுதியவள்தான். ஆனால் ஒரு வரியைச் சுருக்கும் முன் அது யாருக்காக நீண்டது என்று கேட்பேன். அந்த லூப்பில் "எடுக்காவிட்டால் திரும்பி வா" என்று ஒரு வரி இருந்தது. அது முதல் சுற்றில் போனை எடுக்காமல் போனவர். "எடுத்தால் தாண்டிப் போ" என்று ஒன்று. அது ஷெட்டுக்குள்ளேயே நின்றிருந்தவர். எல்லோரையும் துடைத்துவிட்டு, வாளியை மறுபடியும் அந்தச் சோம்பேறி கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் நீங்கள் திரும்பக் கூப்பிட்டு, "சரி பண்ணிட்டோம்க்கா" என்றீர்கள். லூப்பைத் திரும்ப வைத்தீர்களா என்று கேட்டேன். "இல்லக்கா, க்வெரி அப்படியேதான் இருக்கு, ஓட வச்சிட்டோம். இப்ப லாக்கும் எழுதுது, ஸ்க்ரீன்லயும் காட்டுது" என்றீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை; ஆனாலும் பொழுது சாய்ந்துவிட்டது. டீச்சரிடம் எழுந்திருக்கச் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்றைய நண்பகல் வந்துவிட்டது. போன் அடித்தது. எடுத்தேன். மௌனம். அப்பாடா என்று வைத்தேன்.

வைத்த கை எடுக்கும் முன் மறுபடியும் அடித்தது. எடுத்தேன். அதே மௌனம்.

லாக்கில் எண்ணிக்கை எழுத ஒரு தடவை கேட்டிருக்கிறீர்கள். திரையில் பெயர் காட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கிறீர்கள். அவன் இரண்டு தடவையும் முதல் இலையிலிருந்து பரிமாறிவிட்டு வந்திருக்கிறான். திட்டுவதற்காக உங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது டீச்சரின் பெயர் திரையில் வந்தது.

எடுத்தேன். மூச்சுதான் வந்தது. பெரிய பெரிய மூச்சு. பின்னால் ஃபேன்களின் இரைச்சல், கோழிகளின் சலசலப்பு.

"ரெண்டு தடவ அடிச்சுச்சும்மா," என்றார் கடைசியில். "ஓடுனேன். செருப்புகூடப் போடல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. செத்த நேரம் பேசாத, இரு."

இருந்தேன். அந்த மூச்சு அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

போனை வைத்ததும் முதல் வேலையாக இதை உங்களுக்கு அனுப்புகிறேன். வாசித்து முடித்ததும் பாராட்ட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அந்தக் கோடைத் திறவுங்கள். நாளை நண்பகல் டீச்சர் போன் ஒரே ஒரு தடவை அடிக்க வேண்டும்.